ஏஐ வந்தபின் புல் ரிக்வெஸ்ட் குவிகிறது, ரிலீஸ் வேகம் கூடவில்லை. முடிச்சு எங்கே?

தறிமேடை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. 8 பேர் டீம்: பேக்எண்ட் 5, ஃப்ரண்ட்எண்ட் 2, டெஸ்டிங் 1. எல்லோரிடமும் ஏஐ கோடிங் கருவி இருக்கிறது. கோட் எழுதும் வேகம் கண்கூடாகக் கூடியிருக்கிறது. ரிலீஸ் மட்டும் பழைய வேகத்திலேயே நகர்கிறது, ரிலீசுக்குப் பின் வரும் பிழைகளும் அதிகம்.

திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைப் பார்த்து, பொதுக் கோடில் சேருங்கள் என்ற கோரிக்கை) எப்போது பார்த்தாலும் சுமார் 24. ஒரு நாளைக்கு மூன்று புதிதாக வருகின்றன, ஒவ்வொன்றும் 800 வரிக்குக் குறையாது. ஒழுங்காக ரிவ்யூ பார்க்கக்கூடிய, அதாவது பிறர் கோடைப் படித்துச் சரிபார்க்கக்கூடிய சீனியர்கள் 3 பேர்தான். "இந்த ஃபங்ஷன் எதற்கு?" என்று கேட்டால் எழுதியவரிடமிருந்தே தெளிவான பதில் வருவதில்லை. மேலிடமோ, மொத்தக் கோடில் ஏஐ எழுதியது எத்தனை சதவீதம் என்று மாதாமாதம் கணக்குக் கேட்கிறது. வேலை தாமதம் என்றால் இன்னும் இரண்டு பேரைத் தருகிறோம் என்கிறது.

கேள்விகள்: ரிவ்யூ நெரிசலை எப்படி உடைப்பது? ஏஐ எழுதிய கோடை ரிவ்யூ செய்யும்போது குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்? மேலிடத்துக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?

---

வரிசைக்கணக்கு பதில்:

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்ப்போம். ரிவ்யூ பார்ப்பவர்கள் 3 பேர். ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கவனமாக ரிவ்யூ செய்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கண் ஓடும், மூளை ஓடாது. மணிக்கு 300 வரி என்றால் மூவருக்கும் சேர்த்து 1,350 வரி. உள்ளே வருவது 3 × 800 = 2,400 வரி. தினமும் 1,050 வரி மிச்சம். அந்த மிச்சம் ஒன்று வரிசையில் நிற்கும், அல்லது யாரும் படிக்காமலேயே "நல்லா இருக்கு" வாங்கிக்கொண்டு உள்ளே போகும். உங்களிடம் இரண்டுமே நடக்கிறது என்று நினைக்கிறேன். வரிசையும் நீளம், பிழையும் அதிகம் என்கிறீர்களே.

300 வரி என்பது நான் கிள்ளிப்போட்ட எண் அல்ல. சிஸ்கோவில் நடத்தி 2006-ல் வெளியிட்ட கோட் ரிவ்யூ ஆய்வின் பரிந்துரை ஏறக்குறைய இதுதான்: ஓர் அமர்வில் 200 முதல் 400 வரி, 60 முதல் 90 நிமிடம், மணிக்கு 500 வரிக்குள். அதைத் தாண்டினால் பிழை கண்ணில் படுவது குறைந்துவிடுகிறது. ஏஐ வந்ததால் எழுதும் கைக்குத்தான் வேகம் வந்தது. படிக்கும் கண்ணுக்கு வரவில்லை.

அடுத்து வரிசையின் நீளம். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி இங்கே அப்படியே பொருந்தும்: வரிசையில் இருப்பவற்றின் எண்ணிக்கையை ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. 24 திறந்திருக்கிறது, ஒரு நாளைக்கு 3 மெர்ஜ் ஆகிறது (பொதுக் கோடில் சேர்கிறது) என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 8 வேலைநாள் கிடக்கும். 8 நாளில் மெயின் பிராஞ்ச் (அந்தப் பொதுக் கோட்) எங்கேயோ போயிருக்கும், மெர்ஜ் மோதல் வரும், அதாவது ஒரே இடத்தை இருவர் வேறுவேறாக மாற்றியிருப்பார்கள். அந்த மோதலையும் ஏஐயிடமே கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் ஒரு பக்கத்து மாற்றம் சத்தமில்லாமல் காணாமல் போகக்கூடும். நீங்கள் சொல்லும் "ரிலீசுக்குப் பின் வரும் பிழை"களில் இப்படி வந்தவை எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அதே விதியைத் திருப்பிப் போடுங்கள். யாரும் வேகமாக வேலை செய்ய வேண்டாம், திறந்திருப்பது 9-ஐத் தாண்டக் கூடாது என்று மட்டும் வைத்தால் காத்திருப்பு 3 நாள். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

ஒருவர் பெயரில் ஒரே ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்திருக்கலாம். அடுத்ததைத் திறக்குமுன் வேறொருவருடையதை ரிவ்யூ செய்து முடித்திருக்க வேண்டும். ஜூனியரும் ரிவ்யூ செய்யட்டும். அவர் ஒப்புதல் போதாது என்றால் சீனியர் இரண்டாவதாகப் பார்க்கட்டும், முதல் வடிகட்டல் முடிந்திருக்கும்.

அளவு 400 வரிக்குள். லாக் ஃபைல் (பயன்படுத்தும் பேக்கேஜ்களின், அதாவது வெளிக் கோட் தொகுப்புகளின் பதிப்புப் பட்டியல்), தானாக உருவாகும் கோப்புகள், ஸ்னாப்ஷாட் (டெஸ்ட்டுக்காகச் சேமித்த வெளியீடு) எல்லாம் கணக்கில் சேராது. கிட்ஹப்பில் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் அவற்றைக் குறித்துவிட்டால் டிஃப்பில் (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலில்) சுருங்கியே நிற்கும்.

"பிரிக்கவே முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது" என்பார்கள். பெரும்பாலும் முடியும். டேட்டாபேஸ் தொடும் மாற்றத்துக்கு இந்த வரிசை: முதலில் பெயர்மாற்றம், இடமாற்றம் மட்டும், நடத்தை மாறக் கூடாது. அடுத்து டேபிளில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, வெற்று மதிப்பு அனுமதியோடு, யாரும் பயன்படுத்தாமல். மூன்றாவதாகப் பழையதிலும் புதியதிலும் எழுதும் கோட். நான்காவது, டேபிளில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளில் புதியதை நிரப்பும் ஸ்கிரிப்ட். ஐந்தாவது, ஃபீச்சர் ஃபிளாக்குக்கு (ஒரு வசதியை இயக்கவும் அணைக்கவும் கோடில் வைக்கும் சுவிட்ச்) பின்னால் புதியதிலிருந்து படிப்பது. கடைசியாகப் பழையதை நீக்குவது. ஆறும் தனித்தனியாக ரிலீஸ் ஆகலாம். கடைசியைத் தவிர எதில் சிக்கினாலும் ஒரு படி பின்னால் வந்தால் போதும்.

ஃபிளாக் பற்றி ஒன்று. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், பழைய ஃபிளாக்கைப் புது வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1-ல் நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் அதுதான் நடந்தது. பழைய ஃபிளாக்குக்குப் புதிய பொருள் கொடுத்தார்கள். 8 சர்வர்களில் ஒன்றில் புதிய கோட் ஏறவில்லை, அங்கே பல ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த கோட் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

---

பச்சைக்குறி பதில்:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். பொதுவா சொன்னா மனசுல நிக்காது, ஒரே ஒரு ஃபங்ஷனை எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம்.

வாடிக்கையாளர் கார்டுல பணம் பிடிக்கிற ஃபங்ஷன். ஏஐகிட்ட "இதுல ரீட்ரை சேர்" (தோத்தா மறுபடி முயலணும்) அப்படின்னு மட்டும் சொன்னா வழக்கமா வர்றது இது: ஒரு லூப், மூணு முயற்சி, உள்ளே ட்ரை-கேட்ச், எந்தப் பிழை வந்தாலும் ஒரு வினாடி நின்னு மறுபடியும். கூடவே டெஸ்ட்டும் வரும். போலி சர்வர் முதல் ரெண்டு தடவை பிழை கொடுக்கும், மூணாவது தடவை வெற்றி. டெஸ்ட் பச்சை. டிஃப் பார்க்க ரொம்ப சுத்தமா இருக்கும். ரிவ்யூ பார்க்கிறவர் ஒப்புதல் போட்டுட்டுப் போயிடுவார்.

இப்ப உள்ளே பாருங்க. டைம்அவுட் (குறிச்ச நேரத்துல பதில் வராம போறது) வந்தா பணம் பிடிபடலைன்னு அர்த்தம் இல்லை. பிடிச்சதா இல்லையான்னு *நமக்குத் தெரியலை*, அவ்வளவுதான். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணமும் பிடிச்சு, பதில் திரும்பி வர்ற வழியில தொலைஞ்சிருக்கலாம். ரீட்ரை பண்ணினா அதே ஆளுகிட்ட ரெண்டாம் தடவை பணம் பிடிப்போம். இதுக்குத்தான் ஐடெம்பொட்டன்சி கீ: கோரிக்கையோட போற ஒரு அடையாளம், அதே அடையாளம் மறுபடி வந்தா எதிர்ப்பக்கம் ரெண்டாவது தடவை பணம் பிடிக்காது. "அதையும் சேர்"னு சொன்னா சேர்க்கும், ஆனா எங்கே சேர்க்குதுன்னு பாருங்க. லூப்புக்கு *உள்ளே* யுயுஐடி (தனித்துவமான ஒரு அடையாளம்) உருவாக்கியிருந்தா ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புதுக் கீ, எதிர்ப்பக்கம் மூணும் மூணு தனிப் பணப்பிடித்தம். கீ லூப்புக்கு வெளியே, ஆர்டர் உருவாகும்போதே பிறந்து டேட்டாபேஸ்ல ஆர்டரோட சேமிக்கப்பட்டிருக்கணும். அப்பதான் நம்ம ப்ராசஸே செத்துத் திரும்பி எழுந்தாலும் அதே கீ போகும்.

அடுத்து, எல்லாப் பிழைக்கும் ரீட்ரை தப்பு. கார்டு நிராகரிக்கப்பட்டா மூணு தடவை கேட்டாலும் அதே பதில்தான். 429 (கோரிக்கை அதிகம்), 503 (சர்வர் இப்போதைக்கு இல்லை) மாதிரி வந்தா ரீட்ரை செய்யலாம், எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு சொல்ற ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் வந்தா அதை மதிக்கணும். இடைவெளி ஒரே ஒரு வினாடின்னு நிலையா இருந்தா, விழுந்து எழுந்த சர்வர் மேல எல்லா கிளையண்ட்டும் ஒரே நேரத்துல பாயும். இடைவெளி இரட்டிப்பாகிட்டே போகணும், அதுல கொஞ்சம் தற்செயல் கலக்கணும். இன்னொன்று, கீழே இருக்கிற எச்டிடிபி லைப்ரரி ஏற்கெனவே மூணு தடவை முயலுதான்னு பாருங்க. மேலே க்யூவும் (வேலைகளை வரிசையில வெச்சு ஓட்டுற அடுக்கு) மூணு தடவை முயன்றா, நடுவுல நம்ம லூப்பையும் சேர்த்து 3 × 3 × 3 = 27 அழைப்பு. ஒவ்வொரு அடுக்கையும் தனியா படிச்சா எல்லாமே சரியாத்தான் தெரியும்.

டெஸ்ட் ஏன் இதைப் பிடிக்கலை? போலி சர்வர் பிழை கொடுக்கும்போது பணம் பிடிக்கவே இல்லை. கோட் எந்தக் கற்பனையில எழுதப்பட்டதோ அதே கற்பனையில டெஸ்ட்டும் எழுதப்பட்டிருக்கு. சரியான டெஸ்ட்ல போலி சர்வர் கீயோட பணத்தைப் பதிவு பண்ணிட்டு, *அதுக்கு அப்புறம்* இணைப்பை அறுக்கணும். கடைசியில பதிவான பணப்பிடித்தம் சரியா 1-ஆன்னு பார்க்கணும்.

இதை எல்லா இடத்துக்கும் பயன்படுத்த ஒரு ரெண்டு நிமிஷச் சோதனை. கோட்ல மூணு நிபந்தனையை எடுங்க. பெரியதுங்கிறதைப் பெரியது-அல்லது-சமம்னு மாத்துங்க, ஒரு மறுப்பைத் தூக்குங்க, ஒரு மதிப்பைப் பூஜ்யம் ஆக்குங்க. டெஸ்ட்டை ஓட்டுங்க. இன்னும் பச்சைன்னா அந்த டெஸ்ட் எதையும் காவல் காக்கலை.

ஏஐ எழுதின டிஃப்ல நான் தேடித்தேடிப் பார்க்கிறது: தோல்வியில காலிப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துப் பிழையை விழுங்குறது. தோத்த டெஸ்ட்டுக்காகக் கோடைத் திருத்தாம டெஸ்ட்டோட எதிர்பார்ப்பைத் தளர்த்துறது, இல்லன்னா ஸ்கிப் போடுறது. ரெப்போல (திட்டத்தோட கோட் களஞ்சியத்துல) ஏற்கெனவே இருக்கிற உதவி ஃபங்ஷனை வேற பேர்ல மறுபடி எழுதுறது. கேட்காத இடத்துல கை வைக்கிறது. டெஸ்ட் கோப்பு மாற்றத்தைத் தனி கமிட்டா (தனியா சேமிச்ச ஒரு மாற்றப் பதிவா) கேளுங்க, ரெண்டாவது வகை உடனே கண்ணுல படும்.

---

தறிமேடை பதில்:

இருவருக்கும் மிக்க நன்றி. ரீட்ரை விஷயத்தைப் படித்ததும் எங்கள் கோடில் தேடினேன், கீ லூப்புக்கு உள்ளேதான் இருக்கிறது. இன்றே மாற்றுகிறோம்.

எழுதியவரே விளக்க முடியாத கோட் பற்றி என்ன செய்வது? ஜூனியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களிடம் வேகத்தைத்தான் கேட்டோம்.

---

முன்னோட்டம் பதில்:

சரியாகச் சொன்னீர்கள், குறை அவர்களிடம் இல்லை. கணினியியலாளர் பீட்டர் நவுர் 1985-ல் எழுதிய கட்டுரை ஒன்றின் கருத்து இது: நிரல் என்பது கோப்பில் இருக்கும் வரிகள் மட்டும் அல்ல, அது ஏன் இப்படி இருக்கிறது, எங்கே மாற்றினால் எங்கே ஆடும் என்று அதைக் கட்டியவர் மனதில் இருக்கும் புரிதலும் சேர்ந்ததுதான். அந்தப் புரிதல் எழுதும்போதே உருவாகிவந்தது. எழுதும் வேலை ஏஐக்குப் போனதும் புரிதல் உருவாகும் இடமும் போய்விட்டது. அதற்கு வேறு இடம் ஒதுக்கித் தர வேண்டியது டீம் லீடின் பொறுப்பு.

அந்த இடம் ப்ராம்ப்ட்டுக்கு (ஏஐக்குத் தரும் கட்டளைக்கு) முன்னால் இருக்க வேண்டும். டிக்கெட்டை (செய்ய வேண்டிய வேலையை) எடுத்தவர் கருவியைத் திறக்குமுன் 10 வரிக் குறிப்பு எழுதட்டும், தன் கையால்: உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது, தோற்கக்கூடிய மூன்று விதங்கள், தொடக் கூடாத கோப்புகள், சரியா என்று எப்படிச் சோதிப்பது. பிறகு ஒரு தோற்கும் டெஸ்ட், அதுவும் தன் கையால். அதன்பின் ஏஐயிடம் கோட் கேட்காமல் திட்டம் மட்டும் கேட்கட்டும். திட்டம் குறிப்போடு ஒத்துப்போனால் கோட். ஒவ்வொரு சிறு படிக்கும் ஒரு கமிட். இரண்டு முறை திருத்தச் சொல்லியும் சரியாகவில்லை என்றால் மூன்றாவது முறை கெஞ்ச வேண்டாம். கடைசி நல்ல கமிட்டுக்குத் திரும்பி, குறிப்பைச் செம்மையாக்கி, புதிய உரையாடலில் தொடங்கட்டும். நீண்ட உரையாடலில் பழைய தவறான முயற்சிகளும் ஏஐயின் கண்முன்னே கிடக்கும், அவற்றையே சுற்றிச்சுற்றி வரும்.

புல் ரிக்வெஸ்ட் விவரணையும் அந்தக் குறிப்பிலிருந்தே வரும். ஏன் இந்த மாற்றம், வேறு எந்த வழியை யோசித்துக் கைவிட்டோம், எதை ஓட்டிப் பார்த்தோம், பின்வாங்க வேண்டுமானால் எப்படி. இந்த நான்கையும் ஏஐ எழுதக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். டிஃப்பில் என்ன மாறியது என்று ஏஐ அழகாகச் சொல்லும். ஏன் என்பது அதற்குத் தெரியாது.

பணம், அனுமதி, தரவு நீக்கம் தொடும் மாற்றம் என்றால் பத்து நிமிட நேர்ப்பேச்சு. டிஃப்பை மூடிவைத்துவிட்டு எழுதியவர் விளக்கட்டும். இரண்டே கேள்வி போதும்: "இதே கோரிக்கை ஒரே நேரத்தில் இரண்டு வந்தால்?", "இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் சர்வர் விழுந்தால்?" பதில் வரவில்லை என்றால் திட்டு வேண்டாம், மெர்ஜும் வேண்டாம்.

இனி மேலிடத்துக்கான கணக்கு. ஏஐ எழுதியது எத்தனை சதவீதம் என்ற எண், வெளியே போன வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏற்றுக்கொண்ட பரிந்துரையை மறுநாள் அழித்தாலும் அது கணக்கில் இருக்கும். ஒரே ஃபங்ஷனை மூன்று இடத்தில் நகல் எடுத்தால் எண் ஏறும். அதை இலக்காக வைத்தால் டீம் அந்த எண்ணைத்தான் தயாரிக்கும்.

"வேகமாக இருக்கிறது" என்ற உணர்வையும் நம்ப முடியாது. 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, தங்கள் திறமூலத் திட்டங்களை நன்கு அறிந்த 16 அனுபவசாலிகளுக்கு 246 வேலைகளைக் கொடுத்து அளந்தது. ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19% கூடுதல் நேரம் பிடித்தது. தொடங்குமுன் அவர்கள் எதிர்பார்த்தது 24% மிச்சம். முடித்த பிறகும் 20% மிச்சமானதாகவே நம்பினார்கள். 16 பேர், அன்றைய கருவிகள், ஏற்கெனவே நன்கு தெரிந்த ரெப்போ என்பதால் அந்த எண்ணை எல்லா டீமுக்கும் பொருத்தக் கூடாது. உணர்வுக்கும் கடிகாரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் டெலிவரியை ஆராயும் டோரா குழுவின் 2024 அறிக்கையும் உங்கள் நிலைமையைத்தான் காட்டியது: ஏஐ பயன்பாடு 25% கூடும்போது டெலிவரி வேகம் 1.5%, நிலைத்தன்மை 7.2% குறைவதாக மதிப்பிட்டிருந்தார்கள். மாற்றங்களின் அளவு பெருத்துவிடுவதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

எனவே நேரத்தைத் துண்டுபோட்டு அளந்து பாருங்கள். முதல் கமிட்டிலிருந்து ரிக்வெஸ்ட் திறக்கும் வரை, திறந்ததிலிருந்து முதல் ரிவ்யூ வரை, அங்கிருந்து ஒப்புதல் வரை, ஒப்புதலிலிருந்து பிரொடக்‌ஷன் வரை. சராசரி வேண்டாம், ஒரே ஒரு கிழட்டு ரிக்வெஸ்ட் அதைக் கெடுத்துவிடும். நடுமதிப்பும் 90-ஆம் சதமானமும் (நூற்றுக்கு 90 இதற்குள் முடிகிறது என்ற எண்) எடுங்கள், பாட் (தானியங்கி நிரல்) திறந்தவற்றை நீக்குங்கள். கூடவே ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புதல்) அல்லது அவசரத் திருத்தம் தேவைப்பட்ட ரிலீஸ்கள் நூற்றுக்கு எத்தனை. கருவி வருமுன் 6 வாரம், இப்போது 6 வாரம், பக்கத்தில் பக்கம் வையுங்கள். முதல் துண்டு சுருங்கி இரண்டாம் துண்டு வீங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. அந்த ஒரு படத்தை மேலிடம் உடனே புரிந்துகொள்ளும். ஆள் வாரியாக மட்டும் பிரிக்காதீர்கள், பிரித்த நாளிலிருந்து எண்கள் பொய்யாகும்.

இரண்டு பேரைச் சேர்ப்பது பற்றி: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார். 8 பேருக்குள் பேச்சுவழிகள் 28, 10 பேர் என்றால் 45. புதியவர்களைப் பழக்கப்போவதும் அதே 3 சீனியர்கள். வரிசை சுருங்கிய பிறகு சேருங்கள்.

---

கோடாலிக்கை பதில்:

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி சரி. 400 வரி வரம்பில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏஐ மிக நன்றாகச் செய்யும் வேலைகளையே அது தடுத்துவிடும்.

200 கோப்புகளில் ஒரு பழைய அழைப்பைப் புதியதாக மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஏஐயிடம் 200 கோப்பையும் திருத்தச் சொன்னால் 3,000 வரி டிஃப் வரும். 187-ஆவது கோப்பில் அது தன்னிஷ்டத்துக்கு ஏதோ "மேம்படுத்தி"யிருக்கும், யார் கண்டுபிடிப்பது? அதற்குப் பதில் மாற்றத்தைச் செய்யும் *ஸ்கிரிப்ட்டை* எழுதச் சொல்லுங்கள், உரைத் தேடலாக இல்லாமல் சிண்டாக்ஸ் மரத்தை (கோடின் இலக்கண அமைப்பை) படித்து மாற்றும்படி. 60 வரி ஸ்கிரிப்ட்டை மனிதர் ரிவ்யூ செய்வார். ஓட்டியபின் வரும் டிஃப் முழுக்க ஒரே அச்சாக இருக்கும், மாதிரிக்கு 10 கோப்பு பார்த்தால் போதும். ஸ்கிரிப்ட் தொட மறுத்த கோப்புகளின் பட்டியலையும் கேளுங்கள். கையால் செய்ய வேண்டியவை அவைதான். மெயின் பிராஞ்ச் நகர்ந்துவிட்டால் மோதலைத் தீர்த்துக்கொண்டு இருக்காமல் ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டலாம். வரம்பு மனிதர் படிக்க வேண்டிய வரிகளுக்கு இருக்கட்டும்.

ரிவ்யூவிலும் ஏஐக்கு முதல் சுற்றைக் கொடுக்கலாம்: மூடாத இணைப்பு, விடுபட்ட வெற்று மதிப்புச் சோதனை, பெயர்க் குழப்பம். எழுதிய அதே உரையாடலில் ரிவ்யூ கேட்காதீர்கள், தன் முடிவுகளையே நியாயப்படுத்தும். புதிய உரையாடலில் டிஃப்பையும் குறிப்பையும் மட்டும் கொடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. தானாக கமாண்ட் ஓட்டும் ஏஜெண்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது கண்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த சூழலுக்குள்) ஓடட்டும், பிரொடக்‌ஷன் சாவி எதுவும் அங்கே இருக்கக் கூடாது, டேட்டாபேஸ் படிக்க மட்டும். அது படிக்கும் டிக்கெட்டிலோ ரீட்மீயிலோ யாராவது கட்டளை எழுதி வைத்திருந்தால் அதையும் நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். புதிய பேக்கேஜ் எதுவானாலும் தனி ஒப்புதல். நிஜத்தில் இல்லாத பேக்கேஜ் பெயர்களை ஏஐ கற்பனையாகச் சொல்வது உண்டு, அந்தப் பெயரில் தீங்கான பேக்கேஜைப் பதிந்து வைத்துக் காத்திருக்க முடியும். எப்போது பதிந்தது, யார் பராமரிப்பது, மூலக் கோட் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் லாக் ஃபைலில் ஏற வேண்டும்.

---

வரிசைக்கணக்கு பதில்:

@கோடாலிக்கை, ஸ்கிரிப்ட் விஷயம் முற்றிலும் சரி. "படிக்க வேண்டிய வரி 400" என்று திருத்திக்கொள்கிறேன்.

---

தறிமேடை பதில்:

கடைசியாக ஒன்று. பில்லிங் பகுதி ஒரே சீனியருக்குத்தான் தெரியும். வரம்பு வைத்தால் அவர் வாசலில் எல்லாம் தேங்கும். அவர் விடுப்பில் போனால்?

---

முன்னோட்டம் பதில்:

இரண்டாவது ஒருவரை இப்போதே தேர்ந்தெடுங்கள். அடுத்த ஆறு பில்லிங் ரிக்வெஸ்ட்டுக்கும் அவர்தான் முதல் ரிவ்யூ, சீனியர் அவருக்குப் பின்னால் பார்ப்பார். இருவர் கருத்தும் எங்கே வேறுபட்டது என்று அந்த ரிக்வெஸ்ட்டிலேயே எழுதி வைக்கட்டும். சீனியர் ஒவ்வொரு முறையும் பிடிக்கிற பிழை எதுவோ அது ஒரு டெஸ்ட்டாகவோ லின்ட் (கோடைத் தானாகச் சோதிக்கும் கருவி) விதியாகவோ மாற வேண்டும். ஏழாவதிலிருந்து சாதாரண மாற்றங்களுக்கு இரண்டாமவர் ஒப்புதல் போதும். வரி, பணம் திருப்புதல், ரவுண்டிங் தொடுபவை மட்டும் சீனியரிடம் போகட்டும். அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் அந்த மூன்றையும் மெர்ஜ் செய்யாதீர்கள், ஃபிளாக்குக்குப் பின்னால்கூட.